நாலாம் மாடி மட்டும்

லிஃப்ட் நின்று நூற்றுப் பத்தொன்பது நாள்.
சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.
பொருளாளர் என்றால் அதுதானே வேலை,
வராத காசை எண்ணுவது.

வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் ஏழு மாடி.
கரவெட்டிக் காணியை விற்றுத்தான் 3பியை வாங்கினோம்.
"கடல் தெரியும்" என்றதற்கு ஐந்து லட்சம் கூட.
தெரிந்தது,
இரண்டு வருடமும் ஒரு சித்திரையும்.
இப்போது தெரிவது
பக்கத்துக் கட்டிடத்தின் குளியலறை ஜன்னல்.
அவர்களும் கடலுக்குத்தான் காசு கட்டியிருப்பார்கள்.

உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.
பில்டரின் இலக்கம் பாவனையில் இல்லை என்பதை
மூன்று மொழியிலும் ஒரு பெண்
அலுக்காமல் சொல்கிறாள்.
சோலைவரித் துண்டுக்கு மட்டும்
எங்கள் விலாசம் நன்றாகத் தெரியும்.

ஜெனரேட்டர் பக்கத்தில், கார்களுக்கு நடுவே கூட்டம்.
ஒன்பது லட்சத்து நாற்பத்தையாயிரம்.
பதினைந்து வீடு. அறுபத்துமூவாயிரம்.
மிச்சமில்லாமல் பிரிந்தது கணக்கு,
ஆட்களும்தான்.

தரைத்தளத்து மஸாஹிரா கேட்டாள்:
"என்ட வீட்டுக்கு லிஃப்ட் என்னத்துக்கு?"
ரோல்ஸ் பொரித்த கை, எண்ணெய் மினுங்க.
பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.
ஆறாம் மாடி ஸ்காபரோவில் இருக்கிறது,
வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியது:
"நான் அங்க இல்லையே அக்கா,
ஏறி இறங்குறது ஆர்?"
இரண்டாம் மாடி ஜயலத் மாத்தையா
மாநகரசபைக்கு இன்னொரு கடிதம் எழுதுவதாகச் சொல்லி
முதல் ஆளாய்ப் படியேறினார்.

பக்கத்துக் கட்டிடம் உயர்ந்ததில்
மஸாஹிராவின் பின்வாசலுக்கு வெயில் போனது.
ஞாயிற்றுக்கிழமை,
பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை ஒரு பேசின் நிறைய.
மொட்டைமாடிக்குப் புறப்பட்டாள், முதல் தடவையாக.

நாலாம் மாடி என்றால் இந்த நகரத்தில்
எங்கள் ஆட்களுக்கு வேறொரு கட்டிடம் ஞாபகம் வரும்.
4ஏ சுகந்தினி போனில் யாருக்கும்
"மூன்றுக்கு மேல" என்றுதான் சொல்லுவாள்.
அந்தத் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு,
ஐந்தாம் மாடித் தவலிங்கம் வைத்தது.
ரயில்வேயில் கார்டாக இருந்தவர்.
கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்
இறங்கும்போது ஒருதரம், ஏறும்போது ஒருதரம்
அதில் தரிப்பார்.

அன்று அவர் வந்தபோது
நாற்காலியில் அவள்,
பேசினை மடியில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு.
எழும்பப் பார்த்தாள்.
வேண்டாம் என்று கையைக் காட்டினார்.
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்,
சிக்னல் விழாத வண்டி மாதிரி.

அதற்கு மேல் அவள் ஏறவில்லை.
சீருடைகளை அங்கேயே கைப்பிடி நெடுக விரித்துவிட்டு இறங்கினாள்.
சுகந்தினியின் முறைப்பாடு
பத்து நிமிடத்தில் எனக்கு வந்து சேர்ந்தது.

பின்னேரம் கதவு தட்டி நோட்டுகளை நீட்டினாள்,
ஓரங்களில் கோதுமை மா.
"முப்பத்தாறாயிரம் ஈக்குது. நாலாம் மாடி மட்டும்தான் தாறன்.
அதுக்கு மேல நான் போகல்ல."
ஏழில் நாலு பங்கு. சல்லிப் பிசகில்லை.
எந்த நிரலில் எழுதுவது என்றுதான்
எனக்கு விளங்கவில்லை.

செய்தி மாடி மாடியாக ஏறியது, லிஃப்ட் இல்லாமலே.
ஜயலத் மாத்தையா பதினெட்டாயிரத்தோடு வந்தார்,
இரண்டாம் மாடி மட்டும்.
ஸ்காபரோ கேட்டது, "அப்ப எனக்கு ஐம்பத்துநாலுதானே?"
எல்லோரும் இப்படியே தந்தால்
நாலு லட்சத்து ஐயாயிரம் துண்டு விழும்.
இரவு மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ஏழாம் மாடியிடம் கேட்க இன்று ஏறினேன்.
நாலாம் திருப்பத்தில் இரண்டு நாற்காலி.
புதியதில் விலைத்துண்டு இன்னும் கிழிக்கவில்லை.
கொப்பியில் இதற்கு வரவும் இல்லை, செலவும் இல்லை.
கொஞ்ச நேரம் இருந்தேன்,
ஏழாம் மாடியிடம் எப்படித் தொடங்குவது
என்று யோசித்துக்கொண்டு.